குளியலறை ஒயரிங்: பெரும்பகுதி கதவுக்கு வெளியே

அறை சின்னது. நீளம் 2.1 மீட்டர், அகலம் 1.5 மீட்டர், உயரம் 2.7 மீட்டர். ஒரு கோடியில் ஷவர், மறுகோடியில் கதவு, கதவை ஒட்டி வாஷ் பேசினும் கண்ணாடியும். பழைய ஒயரிங்கில் உள்ளே இருந்தவை: பேசினுக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் போர்டு, அதிலேயே ஒரு பிளக் பாயின்ட், ஷவருக்கு மேலே கீசருக்கென்று இன்னொரு பிளக் பாயின்ட், கூரையில் ஒரு பல்பு ஹோல்டர். எக்ஸாஸ்ட் ஃபேன் கிடையாது. டைல்ஸைப் பெயர்த்துப் புதிதாகப் போடுவது என்று முடிவானதும், சுவர் திறந்திருக்கும்போதே ஒயரிங்கையும் மாற்றிவிடலாம் என்று இறங்கினேன்.

இந்த வேலையைத் தொடங்கும்போது எங்கெங்கே என்னென்ன பாயின்ட் வேண்டும் என்றுதான் வழக்கமாகப் பட்டியல் போடுவார்கள். நான் மறுமுனையிலிருந்து வந்தேன். உள்ளே ஒன்றுமே வேண்டாம் என்று வைத்துக்கொண்டு, இது இல்லாமல் முடியவே முடியாது என்பதை மட்டும் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். கடைசியில் காகிதத்தில் நின்றவை நான்கு: கூரை விளக்கு, கண்ணாடி விளக்கு, எக்ஸாஸ்ட் ஃபேன், கீசர். சுவிட்ச் எல்லாம் வெளியே நடையில். பிளக் பாயின்ட்டும் அங்கேதான்.

வேலையையும் பிரித்துக்கொண்டோம். சுவர் வெட்டுவது, பைப் பதிப்பது, ஒயர் இழுப்பது, சுவிட்சும் விளக்கும் மாட்டுவது என் பங்கு. மெயின் போர்டில் இணைப்பதும் சோதித்துப் பார்ப்பதும் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் பங்கு. பல நாடுகளில் குளியலறை ஒயரிங்கை உரிமம் இல்லாதவர் தொடுவதற்கே விதி இடம் தராது. அதனால் படம் போட்டதுமே அவரிடம் காட்டி, அவர் திருத்திய பிறகுதான் உளியைக் கையில் எடுத்தேன்.

ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் என்றால், ஈரமான உடம்பு அப்படி. தோல் நனைந்திருக்கும்போது உடலின் தடை சுமார் 1000 ஓம் வரை இறங்கிவிடும். 230 வோல்ட்டை அதால் வகுத்தால் 230 மில்லிஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க அதில் ஒரு பகுதியே போதும். ஆனால் லோடு அதிகமானாலோ ஷார்ட் ஆனாலோ லைனைத் துண்டிக்கும் எம்சிபி இருக்கிறதே, 6 ஆம்பியர் எம்சிபியின் கண்ணுக்கு அது ஒரு 50 வாட் பல்பு எரிவதற்குச் சமம், அசையவே அசையாது. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சியல், பிடித்த கம்பியைக் கையால் விட முடியாமல் போகும் கரண்ட் எவ்வளவு என்று தன்னார்வலர்களை வைத்தே அளந்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லிஆம்பியர், பெண்களுக்கு 10.5 என்று வந்தது. கசிவைக் கண்டதும் துண்டிக்கும் கருவிக்கு அமெரிக்க வடிவத்தை 1961-ல் கொடுத்தவரும் அவரே.

அந்தக் கருவியைத்தான் நாம் ஆர்சிசிபி என்கிறோம். பேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று கணக்குப்பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லிஆம்பியர் குறைந்தால், அது எங்கேயோ வேறு வழியாக, ஒருவேளை ஒருவர் உடம்பு வழியாக, மண்ணுக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு விழுந்துவிடும், அதாவது லைனைத் துண்டித்துவிடும். குளியலறைக்கு 30 மில்லிஆம்பியர்தான் வாங்க வேண்டும். 100, 300 என்று இருப்பவை தீ விபத்தைத் தடுக்க உதவும், ஆளுக்கு உதவாது.

எங்கே என்ன வைக்கலாம் என்பதற்குக் கட்டட ஒயரிங்குக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 60364-ல் குளியலறைக்கென்று உள்ள 701-ஆம் பகுதியை வைத்துக்கொண்டேன். தொட்டி இல்லாமல் தரையிலேயே நின்று குளிக்கும் அறைக்கு அது சொல்வது எளிது. சுவரில் தண்ணீர் வெளிவரும் இடத்திலிருந்து 1.2 மீட்டர் ஆரத்துக்கு, தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம் வரை மண்டலம் 1. அதற்குள் சுவிட்சோ பிளக் பாயின்ட்டோ கூடாது. நிலையாகப் பொருத்தும் சாதனம் என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்குவதாக, அதாவது தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் ஐபி குறியீட்டில் இரண்டாவது எண் குறைந்தது 4 ஆக, இருக்க வேண்டும். தரையை ஒட்டிய முதல் 10 சென்டிமீட்டர் மண்டலம் 0. அங்கே நமக்கு வேலையே இல்லை.

ஷவர் குழாய்க்கு நேர் கீழே ஒரு ஆணியை வைத்து, நூலைக் கட்டி, சாக்பீஸால் தரையில் வளைவு போட்டேன். 1.2 மீட்டர் போனதும் மிச்சம் 90 சென்டிமீட்டர்தான். வளைவு பேசின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு போயிற்று. பழைய கீசர் பாயின்ட் வளைவின் நட்டநடுவில், 2 மீட்டர் உயரத்தில் இருந்தது. குளிக்கிறவர் கையைத் தூக்கினால் தொடலாம். காகிதத்தில் பார்ப்பதைவிட இப்படித் தரையில் கோடு போட்டுப் பார்ப்பது நல்லது. வீட்டில் இருப்பவர்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

பிளக் பாயின்ட்டுக்குத்தான் கொஞ்சம் வாக்குவாதம். டிரிம்மரைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டாமா என்று கேட்டார்கள். உலகமே இதில் ஒத்துப்போகவில்லை. அமெரிக்க விதிப்படி பேசினிலிருந்து 3 அடிக்குள் ஒரு பிளக் பாயின்ட் கட்டாயம் இருக்க வேண்டும், கசிவுப் பாதுகாப்போடு. அந்தப் பாதுகாப்பு அங்கே குளியலறைகளுக்கு 1975-லேயே வந்துவிட்டது. பிரிட்டனிலோ மண்டலம் 1-ன் எல்லையிலிருந்து 2.5 மீட்டர் தள்ளித்தான் சாதாரண பாயின்ட் வைக்கலாம். 2022-க்கு முன்பு அது 3 மீட்டர். இந்த அறையின் மொத்த நீளமே 2.1 மீட்டர் என்பதால் அங்கே இருந்தால் கேள்விக்கே இடமில்லை. தனித்த டிரான்ஸ்பார்மர் உள்ள ஷேவர் பாயின்ட் ஒன்றைத்தான் மாட்ட முடியும். எனக்குப் பிரிட்டன் வழி பிடித்திருந்தது. டிரிம்மர் சார்ஜ் போட்டு ஓடுவது; ஹேர் டிரையரை ஈரத் தரையில் நின்று பிடிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. கதவுக்கு வெளியே சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் 16 ஆம்பியர் பாயின்ட் ஒன்று, மேலே சின்னதாக ஒரு கண்ணாடி. வாக்குவாதம் அதோடு முடிந்தது.

கீசரையும் இடம் மாற்றினேன். படுக்கைவாக்கில் மாட்டும் வகை. கதவுக்கு மேலே இருந்த இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. பிளக் வைக்கவில்லை. சுவரிலிருந்து வரும் ஒயரும் கீசரின் கேபிளும் மூடியுள்ள பெட்டிக்குள் நேரடியாகச் சேர்கின்றன. கீசர் பிளக் கருகிப் போவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே பிடிப்பு தளர்ந்து சூடேறுவதுதான் காரணம். பிளக்கே இல்லாவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. சுவிட்ச் வெளியே: 20 ஆம்பியர், பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டும் டபுள் போல் வகை.

லோடு கணக்கு சின்னது. கீசர் 2 கிலோவாட், அதாவது 8.7 ஆம்பியர். ஹேர் டிரையர் அதே அளவுக்கு இழுக்கலாம். இரண்டையும் ஒரே லைனில் போட்டால் 17 ஆம்பியரைத் தாண்டும். அதனால் கீசருக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயரில் 16 ஆம்பியர் லைன், பிளக் பாயின்ட்டுக்கு அதேபோல் இன்னொன்று, விளக்குக்கும் ஃபேனுக்கும் 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயரில் 6 ஆம்பியர் லைன். மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஆர்சிசிபி போட்டால் செலவு குறையும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கீசர் காயிலில் கசிவு வந்து ட்ரிப் ஆனால் விளக்கும் சேர்ந்து அணையும். உள்ளே சோப்புத் தரையில் நிற்கிறவர் இருட்டில் கதவைத் தேட வேண்டும். ஆர்சிசிபியும் எம்சிபியும் ஒன்றாகச் சேர்ந்த ஆர்சிபிஓ மூன்று வாங்கி, லைனுக்கு ஒன்று என்று வைத்தோம். பேஸையும் நியூட்ரலையும் இரண்டையுமே வெட்டும் வகை; வகை எழுத்து 'ஏ'. எலக்ட்ரானிக் சர்க்யூட் உள்ள சாதனங்களில் வரும் ஒருபக்கத் துடிப்புக் கசிவை 'ஏசி' வகை சரியாக உணராது.

பழையதைக் கழற்றும்போது வந்த விஷயங்கள்தான் இதில் சுவையானவை. கழற்றுவதற்கு முன், சுவிட்சை ஆஃப் செய்துவிட்டுக் கூரை ஹோல்டரில் டெஸ்டரை வைத்தேன். எரிந்தது. இரண்டு முனையிலும் எரிந்தது. சுவிட்ச் பேஸை வெட்டவில்லை, நியூட்ரலை வெட்டிக்கொண்டிருந்தது. பேஸ் நேராக ஹோல்டருக்கு வந்து, பல்பு வழியாக மறுமுனைக்கும் இறங்கியிருந்தது. பல்பு அணைந்துதான் இருக்கும், ஆனால் ஈரக் கையால் பல்பை மாற்றுகிறவருக்கு அணைந்த விளக்கும் எரிகிற விளக்கும் ஒன்றுதான்.

அப்புறம் எர்த். பிளக் பாயின்ட்டில் மேலே பெரிய துளை அழகாக இருந்தது. பிளேட்டைக் கழற்றினால் அந்த முனையில் பச்சை ஒயர் ஒன்று, முறையாகத் திருகி மாட்டியிருந்தது. ஒயரைப் பிடித்து இழுத்தேன், ஒரு சாண் நீளத்தில் கையோடு வந்துவிட்டது. மறுமுனை எங்கும் சேரவில்லை. பார்வைக்கு எர்த், உள்ளே சும்மா. இதனால்தான் எர்த்தைக் கண்ணால் பார்த்து நம்பக் கூடாது, மீட்டரால் பார்க்க வேண்டும்.

கழற்றுவதற்கு மெயின் சுவிட்சையே அணைத்தேன், குளியலறை எம்சிபியை மட்டும் அல்ல. பழைய வீடுகளில் ஒரு பெட்டிக்குள் எந்த லைனிலிருந்து எது வருகிறது என்று வெளியே இருந்து தெரியாது. டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்து எரிகிறதா என்று பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் பார்த்து, மறுபடி கரண்ட் இருக்கும் இடத்தில் பார்ப்பது என் வழக்கம். டெஸ்டரே செத்துப் போயிருந்தால் எல்லா ஒயரும் பத்திரமாகத்தான் தெரியும். மல்டிமீட்டருக்கும் ஒரு குணம் உண்டு. பக்கத்து ஒயரின் தூண்டலால் சும்மா கிடக்கும் ஒயரில்கூட 40, 60 வோல்ட் என்று காட்டும். அப்போது ஒரு டெஸ்ட் லேம்பை மாட்டினால் அந்த வோல்ட் பூச்சியமாகிவிடும். உண்மையான கரண்ட் என்றால் லேம்ப் எரியும்.

சுவர் வெட்டியது முழுக்க நடைப் பக்கத்திலிருந்து. குளியலறைப் பக்கம் காடி வெட்டினால் நீர் காப்புப் பூச்சைக் கிழிக்க வேண்டும், பிறகு அதை எவ்வளவு ஒட்டினாலும் ஒட்டுதான். நடைப் பக்கம் பைப்பைக் கொண்டுபோய், தேவையான இடத்தில் மட்டும் சுவரைத் துளைத்து உள்ளே விட்டேன். துளைகள் வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி சாய்வாக. உள்ளே எப்போதாவது ஈரம் புகுந்தாலும் விளக்கின் முனைக்குப் போகாது. காடியின் ஆழத்துக்கும் கணக்கு உண்டு: செங்குத்தாக வெட்டினால் சுவர் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, கிடைமட்டமாக என்றால் ஆறில் ஒரு பங்கு, அதற்கு மேல் போகக் கூடாது. கோணல்மாணலாகக் குறுக்கு வழியில் காடி ஓடவே கூடாது. பாயின்ட்டுக்கு நேர் மேலே அல்லது நேர் பக்கவாட்டில்தான் பைப் இருக்கும் என்று நம்பித்தான் பின்னாளில் யாரோ ஒருவர் ஆணி அடிப்பார். பூசுவதற்கு முன், சுவரில் டேப்பை நீட்டிவைத்து ஒவ்வொரு பைப்பையும் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

20 எம்எம் பைப்தான். வளைவுக்கு ரெடிமேட் எல்போ போடாமல், உள்ளே ஸ்பிரிங் விட்டு பைப்பையே நீளமாக வளைத்தேன். இறுக்கமான எல்போ இரண்டு அடுத்தடுத்து வந்தால் ஒயர் இழுக்கும்போது கை வலிப்பது ஒருபுறம், இன்சுலேஷன் உரசுவது மறுபுறம். ஒரு பைப்பில் போக வேண்டிய ஒயர்களை ஒன்றாகவே இழுக்க வேண்டும். ஒன்று போன பிறகு இன்னொன்றைத் தனியாக இழுத்தால் முதல் ஒயரின் உறையை அது அறுத்துவிடும். டால்கம் பவுடர் தூவினால் வழுக்கிக்கொண்டு வரும். எண்ணெய், கிரீஸ் வேண்டாம். பிளாஸ்டிக் உறையை அது கெடுக்கும். நிறம்: பேஸுக்குப் பழுப்பு, நியூட்ரலுக்கு நீலம், எர்த்துக்குப் பச்சை-மஞ்சள். வீட்டின் மற்ற பகுதியில் பழைய சிவப்பு-கறுப்பு-பச்சை இருப்பதால் இரண்டும் சந்திக்கும் பெட்டியின் மூடிக்குள் அதை எழுதி ஒட்டினேன்.

பலரும் விட்டுவிடும் வேலை ஒன்று: ஒயர் இழுத்து முடித்ததும், குளியலறைக்குள் வரும் பைப் வாயைச் சிலிக்கானால் அடைப்பது. சுடுநீர் ஆவி பைப் வழியாகவே வெளியே போய், குளிர்ந்த சுவிட்ச் பெட்டிக்குள் நீராகப் படியும். பழைய போர்டின் திருகுகள் பச்சை பிடித்துக் கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

முனைகளுக்கு நேரம் எடுத்துக்கொண்டேன். உறையைச் சீவும்போது ஒரு இழைகூட அறுபடக் கூடாது. எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் செம்பு. அதிகமானால் திருகுக்கு வெளியே மினுங்கும், குறைந்தால் திருகு உறையைக் கடிக்கும். மெல்லிய பல இழை ஒயருக்கு ஃபெரூல் என்கிற சின்ன உலோகக் குழலைப் போட்டு அழுத்திவிட்டு மாட்டினேன். சிலர் ஈயம் பூசி மாட்டுவார்கள். திருகு முனையில் அது வேண்டாம்: அழுத்தத்தில் ஈயம் மெல்ல மெல்ல நசுங்கி நகரும், சில மாதத்தில் திருகு தளர்ந்து முனை சூடேறும். இறுக்கியதும் ஒவ்வொரு ஒயரையும் பிடித்து ஒரு இழு. வராவிட்டால்தான் அடுத்தது. விளக்கு சுவிட்சில் மாட்டுவது பழுப்பு மட்டும். நீலம் சுவிட்ச் பக்கமே போகாமல் நேராக விளக்குக்கு.

விளக்குகளில் கூரை விளக்கு 2.25 மீட்டருக்கு மேலே இருப்பதால் மண்டலத்துக்கு வெளியே. ஆனாலும் ஆவி அங்கேதான் முதலில் போய் நிற்கும் என்பதால் ஐபி65. கண்ணாடி விளக்கு ஐபி44: 1 மில்லிமீட்டருக்கு மேல் கனமான எதுவும் உள்ளே நுழையாது, எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். கண்ணாடிக்கு மேலே ஒற்றை விளக்கை வைத்தால் கண்ணுக்குக் கீழும் தாடைக்குக் கீழும் நிழல் விழும். சவரம் செய்கிறவர்களுக்கு அந்த இடம்தான் முக்கியம். அதனால் இரண்டு பக்கமும் முக உயரத்தில் நீள விளக்கு. உலோக உடல் என்றால் எர்த் கட்டாயம். சதுரத்துக்குள் சதுரம் போட்ட சின்னம் இருந்தால் அது இரட்டை இன்சுலேஷன், எர்த் தேவையில்லை. ஆனாலும் எர்த் ஒயரைப் பெட்டி வரை கொண்டுவந்து முனையில் விட்டுவைத்தேன். நாளைக்கு வேறு விளக்கு மாட்டுவார்கள்.

ஃபேனுக்கு அறையின் கொள்ளளவைப் பார்த்தேன்: 8.5 கன மீட்டர். மணிக்குப் பத்து முறை காற்று மாற வேண்டும் என்று வைத்தால் 85 கன மீட்டர், 4 அங்குல ஃபேனே போதும். ஆனால் வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே வர வழி வேண்டும். கதவின் அடியில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டேன். ஃபேன் டைமர் உள்ளது, விளக்கை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடும். இதற்கு மூன்று ஒயர் வேண்டும்: எப்போதும் கரண்ட் இருக்கும் பேஸ், சுவிட்ச் வழியாக வரும் பேஸ், நியூட்ரல். சுவரைப் பூசிய பிறகு இது நினைவுக்கு வந்தால் வீண் வேலை.

தண்ணீர்க் குழாயில் கீசர் வரை உலோகப் பகுதி கொஞ்சம் இருந்தது. அதற்குக் கிளாம்ப் போட்டு 4 ஸ்கொயர் எம்எம் பச்சை-மஞ்சள் ஒயரால் கீசரின் எர்த்தோடு சேர்த்தேன். முழுக்க பிளாஸ்டிக் குழாய் என்றால் இந்த வேலை கிடையாது.

சோதனை அன்று எலக்ட்ரீஷியன் முதலில் எர்த் தொடர்ச்சி பார்த்தார். 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு மீட்டருக்கு 7.4 மில்லிஓம், 12 மீட்டருக்கு 0.09 ஓம். மீட்டர் அதை ஒட்டியே காட்டியது. பிறகு 500 வோல்ட்டில் இன்சுலேஷன். விளக்குகளையும் ஃபேனையும் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும், இல்லையென்றால் எல்இடி விளக்குக்குள் இருக்கும் டிரைவர் சர்க்யூட்கள் செத்துவிடும். 1 மெகாஓம்தான் குறைந்தபட்சம். எல்லா லைனும் அதற்கு வெகு மேலே. மெயின் போர்டிலிருந்து கதவுக்கு மேலே உள்ள பெட்டி வரை விளக்கு லைனின் பழைய ஒயரையே வைத்துக்கொண்டிருந்தோம். அதுவும் நன்றாகவே இருந்தது. கரண்ட் கொடுத்தோம். விளக்கு எரிந்தது, ஃபேன் ஓடியது, கீசரும் சூடேறியது.

சாயங்காலம் நடையில் இருக்கும் 9 வாட் விளக்கைப் போட்டேன். மினுக்கென்று எரிந்து அணைந்தது. கூடவே குளியலறை விளக்குக்கான ஆர்சிபிஓவும் விழுந்தது.

குளியலறையில் அப்போது எதுவுமே ஓடவில்லை. நடை விளக்குக்கும் குளியலறைக்கும் சம்பந்தமே இல்லை, அது ஹால் லைன். ஆர்சிபிஓவைத் தூக்கினால் நிற்கும். நடை சுவிட்சைத் தட்டினால் விழும். விழுந்த நிலையிலேயே விட்டுவிட்டால், ஹால் எம்சிபி ஆனில் இருந்தும் நடை விளக்கு எரியவே இல்லை. எலக்ட்ரீஷியனிடம் போனில் சொன்னபோது, "பேஸை விடுங்க சார், அந்த லைட்டோட நியூட்ரல் எங்கே போகுதுன்னு பாருங்க" என்றார்.

அதுதான். நடை விளக்குக்குப் பேஸ் ஹால் போர்டிலிருந்து வந்திருக்கிறது. நியூட்ரலை மட்டும் பக்கத்தில் கிடைத்த குளியலறை லைனில் எப்போதோ யாரோ சேர்த்துவிட்டிருக்கிறார்கள். ஆர்சிசிபி இல்லாத காலத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. இப்போது ஆர்சிபிஓவின் நியூட்ரலில் திரும்பி வருகிற கரண்ட், பேஸில் போகவே இல்லை. 9 வாட் என்றால் குறைந்தது 39 மில்லிஆம்பியர், 30-ஐத் தாண்டிவிட்டது. அங்கே 2 வாட் இரவு விளக்கு இருந்திருந்தால் ட்ரிப் ஆகாமலே பல மாதம் ஓடியிருக்கும், விஷயமும் மறைந்தே இருந்திருக்கும். இன்சுலேஷன் சோதனையில் இது சிக்காததும் நியாயம்தான். இன்சுலேஷனில் குறையே இல்லை.

இதில் பயமுறுத்துவது வேறொன்று. ஆர்சிபிஓ விழுந்த நிலையில், நடை சுவிட்ச் ஆனில் இருக்கும்போது, குளியலறை விளக்குப் பெட்டியில் நீல ஒயரில் டெஸ்டரை வைத்தோம். எரிந்தது. ஹாலின் பேஸ் நடை விளக்கின் வழியாக வந்து, போக வழியில்லாமல் அந்த நீலத்தில் நின்றுகொண்டிருந்தது. லைனை அணைத்துவிட்டோம், நீலம்தானே என்று அதைத் தொடுகிறவர் அடி வாங்குவார்.

சேர்ந்திருந்த இடத்தைத் தேட வேண்டியிருந்தது. கதவுக்கு மேல் இருந்த பெட்டியில் கூடுதல் ஒயர் எதுவும் இல்லை. அங்கிருந்து மெயின் போர்டு வரை பைப் போகும் கோட்டில் சுவரைத் திருப்புளியின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனோம். நடுவில் ஒரு இடத்தில் ஓசை மாறியது. பெயிண்டைச் சுரண்டினால் பெட்டியின் மூடி, அதற்குள் மூன்று கறுப்பு ஒயர்கள் ஒன்றாக முறுக்கி, காய்ந்து போன டேப்பால் சுற்றிக் கிடந்தன. ஒன்று மெயின் போர்டுக்கு, ஒன்று குளியலறைக்கு, மூன்றாவது நேராகச் சுவருக்குள் ஏறி நடை விளக்குக்கு. மெயினை அணைத்துவிட்டு மூன்றாவதைப் பிரித்தோம். ஹால் போர்டிலிருந்து நடை விளக்குக்குத் தனி நியூட்ரல் இழுத்தோம். மற்ற இரண்டையும் முறுக்கிவிடாமல் கனெக்டரில் மாட்டி, பெட்டிக்கு வெள்ளை மூடி போட்டேன். அதன் மேல் பெயிண்ட் அடிக்க விடவில்லை.

பிறகு ஆர்சிபிஓக்களைக் கருவியால் சோதித்தார் எலக்ட்ரீஷியன். 30 மில்லிஆம்பியரில் 300 மில்லிநொடிக்குள் விழ வேண்டும் என்பது தரம்; மூன்றும் அதற்கு வெகு முன்பே விழுந்தன. ஆர்சிபிஓவில் இருக்கும் டெஸ்ட் பட்டன் வேறு விஷயம்: அது உள்ளே இருக்கும் பொறி அசைகிறதா என்று மட்டும் சொல்லும், வீட்டின் எர்த் சரியா என்று சொல்லாது.

கடைசியாகச் சின்ன உபத்திரவம் ஒன்று. இரவில் கண்ணாடி விளக்கு அணைத்த பிறகும் மங்கலாக மினுங்கியது. மறுபடியும் நியூட்ரலா என்று பார்த்தால், அந்த சுவிட்சில் சிவப்பு இண்டிகேட்டர் இருந்தது. அது எரியத் தேவையான சொற்பக் கரண்ட் விளக்கின் வழியாகத்தான் போகிறது. எல்இடி டிரைவருக்கு அதுவே தீனி. இண்டிகேட்டர் இல்லாத சுவிட்ச் மாட்டியதும் நின்றுவிட்டது. கீசர் சுவிட்சில் மட்டும் சிவப்பு விளக்கை விட்டுவைத்தேன், அணைக்க மறந்தால் நடையில் போகிறவர் கண்ணில் படட்டும் என்று. அதற்கு நியூட்ரல் தனியாக வருவதால் இந்தத் தொல்லை இல்லை.

மெயின் போர்டு கதவின் உட்பக்கம் ஒயரிங் படத்தை ஒட்டியாயிற்று, நடுவில் கிடைத்த அந்தப் பெட்டியையும் அதில் வரைந்து. ஃபேன் டைமரை 15 நிமிடத்தில் வைத்திருக்கிறேன். கண்ணாடியில் படிந்த ஆவி அதற்குள் போய்விடுகிறது.